நிலவறைக் கதவு

கதவு காற்றில் பிய்த்துக்கொண்டு போகப் பார்த்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவள் மேட்டைப் பார்த்தாள்.

கணவன் பூபதி இடுப்பளவு புல்லுக்குள் ஓடி வந்துகொண்டிருந்தான்.

அவனுக்குப் பின்னால் வானத்திலிருந்து தரைவரை கறுப்பாகத் தொங்கியது சுழல்காற்று.

கனடாவுக்கு வந்தபின் முதல் விடுமுறை. காலையில் காட்டெருமைக் கூட்டம் பார்த்தார்கள். பிறகு புல்வெளி நடுவே தனியாக நின்ற மரத் தேவாலயம். அதை ஒட்டி, அந்தக் காலத்தில் குடியேறியவர்களின் மண்வீடு. உருளைக்கிழங்கு சேர்த்துவைக்க அவர்கள் தோண்டிய நிலவறை. மேட்டின்மேல் பூர்வகுடிகள் வட்டமாக வைத்த கற்களைப் படமெடுக்க அவன் மட்டும் ஏறினான்.

அப்போதுதான் பக்கத்து ஊரில் அபாயச் சங்கு ஊதியது.

இடத்தைச் சுற்றிக் காட்டிய கிழவி ஓல்கா, குழந்தை கவினியைத் தூக்கிக்கொண்டு நிலவறைக்குள் இறங்கிவிட்டாள்.

“மாமா! வெரசா வாங்க!”

அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தேவாலயக் கூரையிலிருந்து ஒரு பலகை பறந்து வந்து படியில் குத்தி நின்றது. உள்ளே கவினி வீறிட்டாள்.

புழுதி எழுந்தது. மேடு மறைந்தது. அவனும் மறைந்தான்.

ஓல்கா அவளைப் பார்த்தாள். மூடச் சொல்லவில்லை.

அவள் மூடினாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

இருட்டு. தலைக்குமேல் ரயில் ஓடுவதுபோல் இரைச்சல்.

கதவு தடதடவென்று அடித்துக்கொண்டது. காற்றாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள்.

கைபோலவும் இருந்தது.

குழந்தையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள்.

அடங்கியபின் ஓல்காதான் எழுந்து திறந்தாள். தேவாலயத்துக்குக் கூரை இல்லை. சாலையோரப் பள்ளத்திலிருந்து ஒருவன் ஏறி வந்தான். உடம்பெல்லாம் சேறு. நெற்றியில் ரத்தம்.

பூபதிதான்.

அவள் குழந்தையை அவனிடம் நீட்டினாள்.

அவன் குழந்தையை வாங்கி முகம் முழுக்க முத்தமிட்டான். பிறகு அவளிடம் சொன்னான்.

“கதவு வரைக்கும் வந்துட்டேன். தட்டுனேன் பாரு. அப்பறந்தான் பள்ளத்துல உழுந்தேன்.”

அவன் கை தாழ்ப்பாளின்மேல் இருந்தது. ஓல்காவுக்குத் தமிழ் தெரியாது. கையைப் பார்த்தாள்.

“நான்தான் மூடினேன். மன்னித்துவிடு” என்றாள் ஓல்கா ஆங்கிலத்தில்.

அவன் குழந்தையை இறக்கிவிட்டு ஓல்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான். “குழந்தை உள்ளே இருந்தாள். நீங்கள் செய்ததுதான் சரி.”

ஓல்கா அவன் தோளுக்கு மேலாக அவளைப் பார்த்தாள்.

அவள் குனிந்து கவினியின் செருப்பைத் தேடினாள்.

காரின் பின்கண்ணாடி உடைந்திருந்தது. ஆனாலும் ஓடியது. இருபுறமும் புல் அப்படியே படுத்துக் கிடந்தது. கொஞ்ச தூரம் போனதும் பூபதி திரும்பிப் பார்த்தான்.

“ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கற? இன்னுமா பயம்?”

“ஆமாங் மாமா” என்றாள்.