கசாரா ஏற்றத்தில் ஒரு கால்

"இந்தப் புது டர்போ கன்ட்ரோலை மாட்டச் சொல்லி ஒம்மகிட்ட யாரு வே அழுதா?" தாராவி பட்டறையில் நின்ற வெங்காய லாரியின் டயரை உதைத்தபடி டிரைவர் மாரிக்கண்ணன் கத்தினான்.

"முதலாளிதான். கிழட்டு லாரி இப்ப கசாரா மலையில பறக்குல்லா?" என்றார் மெக்கானிக் பூலோகம்.

"பறந்து கிழிச்சுது! பழையபடி ஊர்ற மாதிரி மாத்தும்."

"ஊருல எவனும் வேகத்தைக் கொறைக்கச் சொல்ல மாட்டான். ஒனக்கென்ன கிறுக்கா?"

மாரிக்கண்ணன் அவர் சட்டையைப் பிடித்தான். "நேத்து மலையேத்தத்துல பின்னால ஓடியாந்து ஏறுன என் மச்சான், கீழ விழுந்து கால் ஒடிஞ்சு கெடக்கான் வே!"

"ஓடுற லாரியில அவன் எதுக்குலே ஏறுனான்?"

பிடி தளர்ந்தது.

கேபின் கதவைத் திறந்துகொண்டு முதலாளி இறங்கினார். "டிரிப்புக்கு ரெண்டு வெங்காய மூட்டை எப்படிக் கொறையுதுன்னு இப்பல்லா தெரியுது."