புள்ளியைக் கூட்டில் விடுகிற நேரம்

இரண்டு இறக்கையையும் சேர்த்து அணைத்துப் பிடிக்கச் சொன்னாள் பெரியவள். கழுத்துப் பக்கம் கை போகக்கூடாதாம்.

மகள் சொன்னபடியே அவள் பிடித்தாள். கைக்குள் புள்ளிக்கோழியின் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கோழியின் உடம்பு இவ்வளவு சூடாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

கொல்லையில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் மிச்சமிருந்தது. மற்ற கோழிகள் கூட்டுக்குள் ஒவ்வொன்றாகக் கட்டையில் ஏறி இடம் பிடித்துக்கொண்டிருந்தன. முழுசாக இருட்டட்டும், அதுவரை இப்படியே நிற்கலாம் என்றாள் பெரியவள். பள்ளிக்கூடம் போகிற பெண்ணுக்கு வார்டு நர்ஸின் குரல் வந்திருந்தது.

நின்றபடியே புள்ளியின் கதையைச் சொன்னாள்.

கொண்டையில் ஒரு சின்னக் கீறல்தான். ஆனால் சிவப்பைக் கண்டுவிட்டால் கோழிகளுக்கு உறவு மறந்துவிடும். முதலில் கொத்தியது கறுப்புக்கோழி. ஆளைப் பார்த்த அன்றைக்கே அதற்கு ‘மாமியார்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். பிறகு மற்றவையும் சேர்ந்துகொண்டன. அத்தை ஓடிப்போய்த் தூக்கியிருக்காவிட்டால் மிச்சம் இருந்திருக்காது.

சமையலறை மூலையில் கூடையில் தனியாக வைத்து, சிவப்பு தெரியாமலிருக்க ஊதா மருந்து தடவித் தேற்றினார்கள். ஆறியதும் ஒரு நாள் கூட்டைத் திறந்து உள்ளே விட்டார்கள்.

மற்றவை தீனியை விட்டு நிமிர்ந்து பார்த்தனவாம். அப்புறம் துரத்தித் துரத்திக் கொத்தின. புள்ளி மூலையில் தலையைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

“அதுங்கள சொல்லி என்ன. கொஞ்ச நாள் கண்ணுல படலேன்னா அதுங்களுக்கு அது வேற யாரோதான். நல்ல வெளிச்சத்துல கொண்டுபோய் நடுவுல விட்டோம் பாருங்க, அது நம்ம தப்பு.”

இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது. தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போது நடுவில் உட்கார வைத்துவிட வேண்டும். விடிந்து கண் திறக்கும்போது அது பக்கத்திலேயே இருக்கும். இங்கேதானே இருந்தது என்று மற்றவை நினைத்துக்கொள்ளும்.

நினைக்காவிட்டால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள்.

பெரியவள் தோளைக் குலுக்கினாள். திரும்பக் கூடைதான்.

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் உருண்டது. சின்னவன் கெக்கெக்கென்று சிரித்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பினாள். இப்போது உள்ளே போனால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும்.

அவள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது கூடு நிற்கிற இந்த இடத்தில் ஓட்டை சைக்கிள் ஒன்று கிடந்தது. சின்னவன் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தான். நுரையீரலில் நோய். ஒட்டிக்கொள்ளும் என்றார்கள். குழந்தையை ஜன்னலுக்கு வெளியேகூடக் கொண்டுவந்து காட்ட வேண்டாம் என்று சொன்னது அவள்தான். நாத்தனார் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டாள்.

இனி யாருக்கும் ஒட்டாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். நேற்று மதியம் வண்டியிலிருந்து இறங்கியபோது வாசல் நிறைய ஆள். யார் வந்திருக்கிறார்கள் பார் என்று ஆளாளுக்குச் சின்னவனை முன்னால் தள்ளினார்கள். அவள் கையை நீட்டினாள். அவன் வீறிட்டுக்கொண்டு நாத்தனாரின் காலைக் கட்டிக்கொண்டான். “அம்மா, அம்மா” என்று கத்தினான்.

நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள்.

“இப்ப விடலாம்,” என்றாள் பெரியவள்.

செல்போன் வெளிச்சத்தைத் துணியால் மூடிக்கொண்டு கதவைத் திறந்தாள். மாமியாருக்கும் ஒரு சிவப்புக்கோழிக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. அவள் புள்ளியைக் கட்டையோடு ஒட்டிப் பிடித்தாள். கால் விரல்கள் தடவித் தடவிக் கட்டையைப் பற்றிக்கொண்டன. மாமியார் தொண்டைக்குள் ஏதோ முனகியது. இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். மாமியார் சற்று நகர்ந்து உட்கார்ந்து அடங்கிவிட்டது.

கதவைச் சாத்திய பிறகும் அவளுக்குக் கையை என்ன செய்வதென்று தெரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் போய்ப் படுத்தாள். வீட்டுக்காரருக்கு ஆலையில் ராத்திரி ஷிப்டு. கொண்டுவந்த பையை இன்னும் பிரிக்கவில்லை. அது கட்டில் காலில் சாய்ந்து கிடந்தது. ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் சுவர்ப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டாள்.

கதவு திறந்தது. யாரும் விளக்கைப் போடவில்லை.

பெரியவள் தள்ளாடிக்கொண்டு வந்தாள். தோளில் சின்னவன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். கழுத்தைப் பார்த்துப் பார்த்து அவனைக் கட்டிலில் இறக்கினாள். நடையில் இன்னொரு ஆள் நின்றது. நாத்தனார். உள்ளே வரவில்லை. அவனுடைய போர்வையை மட்டும் கையை நீட்டிக் கொடுத்தாள்.

பெரியவள் அதைப் போர்த்திவிட்டு, அவனை இன்னும் கொஞ்சம் நகர்த்தி அவளோடு ஒட்ட வைத்தாள்.

“அசையாம படும்மா. விடிஞ்சு அவனா கண்ணத் தொறந்து பாக்கட்டும்.”

கதவு சாத்திக்கொண்டது. நடையில் யாரோ மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டு, கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

சின்னவனின் நெஞ்சு அவள் கைக்கடியில் ஏறி இறங்கியது. அதே சூடு.

தொண்டையில் பழைய அரிப்பு கிளம்பியது. இருமினால் எழுந்துவிடுவான். அவள் அதை விழுங்கினாள். மறுபடி வந்தது. மறுபடி விழுங்கினாள்.

ஜன்னல் வெளுத்துவிடுமோ என்று அதையே பார்த்துக்கொண்டு அசையாமல் கிடந்தாள்.