காணாமல் போன பதினாறு பக்கம்

பைண்டிங் கடையில் இரண்டு நூலகப் புத்தகங்கள் இருபது வருடம் கழித்து மறுபடியும் அருகருகே கிடந்தன. ஒன்று தடித்த தத்துவ வரலாறு. மற்றது கிழிந்துபோன நாவல்.

"அதே பசை வாசனை," என்றது வரலாறு. "போன தடவை இங்கேதான் என் பதினாறு பக்கம் தொலைந்தது. அதற்குப் பிறகு என்னை யாரும் எடுக்கவில்லை. அதற்கு முன்பும் எடுத்ததில்லை, அது வேறு விஷயம்."

"தொலையவில்லை அண்ணே. தவறிப்போய் என்னோடு சேர்த்துத் தைத்துவிட்டார்கள். என் கதாநாயகன் படகுக்காகக் காத்திருக்கும் இடத்தில்."

"ஐயோ! படித்தவர்கள் திட்டியிருப்பார்களே?"

"அவன்தான் யோசிக்கிறான் என்று நினைத்துக்கொண்டார்கள். 'இந்த உலகம் நிஜமா?' என்று உங்கள் பக்கம் கேட்கிற இடத்தில் ஒரு அம்மாள் அழுதுவிட்டாள். கறை இன்னும் இருக்கிறது, பாருங்கள். இன்றைக்குப் பிரிக்கும்போது உங்கள் பக்கங்களை எடுத்துக்கொள்ளுங்கள்."

வரலாறு அந்தக் கறையையே வெகுநேரம் பார்த்தது.

பைண்டர் ஊசியோடு வந்து உட்கார்ந்தார். வரலாறு அவசரமாகத் தன் பழைய தையலைத் தளர்த்தி, இன்னொரு பதினாறு பக்கத்தை நாவலுக்குள் நழுவவிட்டது.

"படகு இன்னும் கொஞ்சம் தாமதமாக வரட்டும், தம்பி."