கறுத்த தக்காளி

காட்டுத் தக்காளியின் தோலில் மங்கலாக இருந்த ஊதா நிறத்தை நாட்டுத் தக்காளியின் தோல் முழுக்கப் படரவைக்க யோகாம்பாள் வருடக்கணக்காக இனக்கலப்பு செய்தாள். நாவல் பழத்துக்கு நிறமும் சத்தும் தருகிற அதே வகை நிறமி அது. பண்ணை மேலாளருக்கு நம்பிக்கையில்லை. சந்தை வியாபாரி வேண்டாமென்றால் அன்றைக்கே செடிகளைப் பிடுங்கிவிடச் சொல்லி மண்வெட்டியோடு ஆட்களை அனுப்பியிருந்தார்.

தோட்டத்துக்கு வந்த வியாபாரி சந்தியாகு ஒரு பழத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழுகுனாப்ல இருக்கேம்மா. யாரு வாங்குவா?”

யோகாம்பாள் பழத்தை அரிந்தாள். கறுத்த தோலுக்குள் சதை செக்கச்செவேலென்று இருந்தது. உப்பு தூவி ஒரு பாதியைத் தான் தின்றுகொண்டே மறுபாதியை நீட்டினாள். “தின்னு பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே.”

தயங்கித் தின்றவர், கேட்காமலே செடியிலிருந்து இன்னொன்றைப் பறித்துக் கடித்தபடி கடைக்குப் போன் போட்டார்.

“நாவப்பழக் கலர்ல தக்காளி வருது, வாசல்ல இடம் ஒதுக்கி வை. இல்லடா, அழுகல. தின்னுக்கிட்டேதான் பேசுறேன்.”

யோகாம்பாள் ஆட்களைப் பார்த்துத் திரும்பினாள். “மண்வெட்டிய ஓரமா வச்சுட்டுக் கூடைய எடுத்துட்டு வாங்க.”