அக்கா வைத்த பத்து ஜிபி

எனக்கு முன்னால் எங்கள் ஆபீஸ் சர்வரைப் பார்த்துக்கொண்ட அக்கா, அதன் டி டிரைவில் பத்து ஜிபிக்கு ஒரு வெற்று ஃபைல் போட்டு, 'அவசரம்' என்று பெயர் வைத்திருந்தார். "டிரைவ் நிரம்பி மூச்சு முட்டுச்சுன்னா முதல்ல இதை அழி. அப்புறம் நிதானமா குப்பையைத் தேடு" என்பார். போன வருடம் இறந்துபோனார். அவருடைய லாகினை மூடியது நான்தான்.

திங்கட்கிழமை டிரைவ் நிரம்பியது. அந்த ஃபைலை அழித்தேன், பத்து ஜிபி காலியானது. செவ்வாய்க்கிழமை ஃபைல் திரும்ப வந்திருந்தது. காலியிடமும் குறையாமல் அப்படியே இருந்தது. உருவாக்கியவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர்.

ஃபைல்களையும் காலியிடத்தையும் மேனேஜர் கூட்டிப் பார்த்தார். "எண்பது ஜிபி டிரைவ்ல தொண்ணூறு எப்படிம்மா வரும்? வேண்டியதை எடுத்து வெச்சுட்டு மொத்தமா ஃபார்மட் பண்ணு."

"மாட்டேன் சார்."

"என்னது?"

"உடம்பு முடியலன்னு அக்கா ரெண்டு நாள் லீவு கேட்டாங்க. சர்வரை யார் பாக்கறதுன்னு இங்கயே உட்கார வெச்சீங்க. இப்ப போன்னா மட்டும் போயிடுவாங்களா?"

அவர் முகம் சுண்டிப்போனது. என்னை எழுப்பிவிட்டு, என் நாற்காலியில் தானே உட்கார்ந்து ஃபார்மட் செய்தார். கால் மணி நேரம் ஆனது. எண்பது ஜிபி, எண்பதும் காலி என்று திரை காட்டியது.

அதற்குக் கீழே ஒரே ஒரு ஃபைல் இருந்தது. அதே பத்து ஜிபி. பெயர் மட்டும் மாறியிருந்தது: 'மாட்டேன்'.