சும்மா கிடக்கும் உடம்பு

"வெறும் வயிறுதானே? இரவு நல்லாய் நித்திரை கொண்டனீங்களோ?" என்று கேட்டார் டொக்டர்.

"ஓம்" என்றாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த பூரணம்.

உடம்பு சும்மா கிடக்கும்போது எவ்வளவு சக்தியை எரிக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. நேற்று அளவு மிக அதிகமாக வந்திருந்தது. இன்றும் அப்படி வந்தால், கழுத்துச் சுரப்பியில் சத்திரசிகிச்சை செய்ய அவள் கொழும்புக்குப் போகவேண்டும்.

நிலாவெளியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்த கணவர் கதிரவேல், கட்டிலருகே கதிரையை இழுத்துப்போட்டு உட்காரப் போனார்.

"நீங்கள் வெளியிலை இருங்கோ" என்றாள் பூரணம்.

அவர் முகம் வாடியது. "நேற்று பக்கத்திலைதானே இருந்தனான்?"

"இண்டைக்கு வேண்டாம்."

அவள் அவரை இப்படி விரட்டியதே இல்லை. கதிரவேல் வெளியே போனார்.

சோதனை முடிந்தது. அளவு சரியாக இருந்தது.

"உங்கட சுரப்பியிலை ஒரு வருத்தமும் இல்லை" என்றார் டொக்டர். "நேற்று மட்டும் ஏன் ஏறினது? காய்ச்சலும் இல்லை. பயந்துபோனீங்களோ?"

"பயமில்லை டொக்டர்." பூரணம் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இருபது வருசமாய் என்னை 'இஞ்சாரும்' எண்டுதான் கூப்பிடுவார். நேற்று கையைப் பிடிச்சுக்கொண்டு, முதல்முதலாய் என்ர பேரைச் சொல்லிப்போட்டார்."