றீற்றா மிஸ் வீடு காட்டுகிறார்

"மிஸ், இன்னைக்கு மட்டும் வாயைத் திறந்திடாதீங்க. எல்லாம் நான் பேசிக்கிறேன்."

கையெடுத்துக் கும்பிடாத குறைதான். றீற்றா மிஸ் சிரித்தார்.

"ஓம் தம்பி. நான் தேத்தண்ணி மட்டும் ஊத்திறன்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நாலு தடவை சூடு பட்டவன் நான்.

வெளிநாட்டில் இருப்பவர்களின் வீடுகளை வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்வது என் தொழில். ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்த திருச்செல்வத்தின் கையில் இன்றைக்குக் கண்டியைச் சுற்றி இருபத்திரண்டு வீட்டுச் சாவி. சும்மா வந்துவிடுமா?

அதில் இந்த அம்பிட்டிய வீடு தங்கம். மூன்று அறை, வாசல் வரைக்கும் கார் போகும், ஜன்னலைத் திறந்தால் மலை. அப்படிப்பட்ட வீட்டுக்கு ஆள் கிடைக்காமல் ஒரு மாதமாக அல்லாடுகிறேன்.

வீட்டுக்காரர் ஸ்ரீஸ்கந்தராசா ஐயா மெல்பர்னில் இருந்து முந்தாநாள் வட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். "தம்பி, முப்பத்தோராந் திகதிக்குள்ள ஆள் வரவேணும். இல்லாட்டி என்ர நாலு வீட்டையும் வேற ஆளிட்டக் குடுத்திடுவன்."

இன்றைக்கு இருபத்தொன்பது.

கெடுத்தது முழுக்க றீற்றா மிஸ்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆறு வருடம் இந்த வீட்டில் இருந்துவிட்டு, இப்போது யாழ்ப்பாணத்துக்கு மாற்றலாகிப் போகிறார். போகிறவர் பேசாமல் போக வேண்டியதுதானே?

முதலில் வந்தவரிடம், மழைக்குக் கூரை ஒழுகும் என்றார். அடுத்து வந்தவரிடம், குளியலறைக்குள் பாம்பு வரும் என்றார். மூன்றாவது ஆளைக் குரங்கைச் சொல்லியே விரட்டினார். நாலாவது ஒரு பேங்க் மெனேஜர். கையெழுத்துப் போடப் பேனையைக்கூட எடுத்துவிட்டார். "பின்சுவர் வெடிச்சிருக்கு, பாத்தனீங்களோ?" என்று மிஸ் மெதுவாகக் கேட்டார். பேனை திரும்பப் பொக்கெட்டுக்குள் போய்விட்டது.

தான் விட்டுப் போகிற வீட்டில் இன்னொருவர் நன்றாக இருந்துவிடக் கூடாது என்கிற எரிச்சல். வேறென்ன? முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவே தெரியாது.

பத்து மணிக்கு த்ரீவீல் சத்தம் கேட்டது. கேட்டடிக்கு ஓடினேன். சுதேஷும் அவர் மனைவி கஜலட்சுமியும் இறங்கினார்கள். ஹேவாஹெட்டப் பக்கத்து ஆட்கள். அவர் மாநகரசபையில் கிளார்க், மனைவி டீச்சர்.

"அடேயப்பா, என்ன காத்துங்க" என்றார் சுதேஷ்.

வீடு பிடித்துவிட்டது, இனி உள்ளே இருக்கிறவர் சும்மா இருந்தால் போதும்.

கேட் ஓரத்துக் குழாயில் வழக்கம்போல இரண்டு பெண்கள் கேனில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வீடு பார்க்க வருகிற எல்லோருக்கும் சொல்வதை சுதேஷுக்கும் கஜலட்சுமிக்கும் சொன்னேன்.

"மேல் லயத்து ஆளுங்க. நீங்க யோசிக்காதீங்க, வந்ததும் இந்தக் குழாயைக் கழட்டிடலாம்."

மற்ற நாலு பேரும் இதற்கு, "நல்லது" என்று தலையாட்டியவர்கள். கஜலட்சுமி நின்றுவிட்டார்.

"ஏன் கழட்டணும்? தண்ணிதானே."

சொன்னவர், நிரம்பிய கேனைத் தூக்கி ஒரு பெண்ணின் தலையில் ஏற்றியும் விட்டார். சேலை நனைந்துவிட்டது. எனக்கோ அவசரம். இதெல்லாம் இப்போது தேவையா?

"வாங்க வாங்க, உள்ளே பார்ப்போம்."

வாசலில் றீற்றா மிஸ் தேத்தண்ணித் தட்டோடு நின்றார். எவ்வளவு நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றாரோ தெரியாது.

ஹோலைப் பார்த்தார்கள், குசினியைப் பார்த்தார்கள். சுதேஷ் அண்ணாந்து பார்த்தார்.

"மழைக்கு ஒழுகுமாங்க?"

நான் பதில் சொல்வதற்குள் மிஸ் வாயைத் திறந்துவிட்டார். முடிந்தது கதை என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆறு வருசமா இருக்கிறன். ஒரு சொட்டு விழேல்லை."

கண்ணைத் திறந்தேன்.

"பாம்பு கீம்பு வருமா?" என்றார் கஜலட்சுமி.

"நான் ஒருநாளும் காணேல்லை, பிள்ளை. குரங்கு வரும், ஜன்னலைச் சாத்தினாச் சரி. பின்சுவரில வெடிப்பு மாதிரித் தெரியிறது வெறும் பெயின்ட். பயமில்லாம வாங்கோ."

பத்தரைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது. எனக்குக் கால் தரையில் படவில்லை. அவர்களை த்ரீவீலில் ஏற்றிவிட்டு, மெல்பர்னுக்குச் செய்தி அனுப்பிவிட்டு, உள்ளே ஓடி வந்தேன்.

"மிஸ், நாலு வீட்டையும் காப்பாத்திக் குடுத்திட்டீங்க. ஆனா முதல்ல வந்த நாலு பேரையும் ஏன் அப்படிப் பொய் சொல்லி விரட்டினீங்க?"

மிஸ் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"போன வருசம் மண்சரிவில மேல் லயத்து ஆக்களின்ர ஊத்து மூடுப்பட்டுப் போச்சு, தம்பி. ஒன்பது குடும்பம். குடிக்கிற தண்ணி இந்தக் குழாயிலதான். தண்ணி பில்லை நான் கட்டுறன். எனக்குப் பிறகு வாறவையும் அதைக் கழட்டாத ஆக்களா இருக்கவேணும். அதைத்தான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

இவரையா எரிச்சல் பிடித்தவர் என்று நினைத்தேன்?

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மிஸ். நானும் லயத்துல பொறந்தவன்தானே? அப்படி ஆளுங்களாவே தேடிப் பிடிச்சிருப்பேனே."

மிஸ் கடைசிக் கோப்பையையும் தட்டில் வைத்துவிட்டுத் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை.

"அந்த நாலு பேரில ஒருத்தரும் குழாயைக் கழட்டச் சொல்லிக் கேக்கேல்லை, தம்பி. அவை வாய் திறக்க முதலே, கழட்டலாம் எண்டு சொன்னது நீங்கள்தானே."